கசிவில் வளர்ந்த ஆரைக்கீரை

எங்கள் வீட்டுப் பின்புறத்தில், துணி துவைக்கும் கல்லை ஒட்டி ஒரு சிமெண்ட் தொட்டி இருக்கிறது. மாடு வைத்திருந்த காலத்தில் அது கழுநீர்த் தொட்டி. இப்போது அதில் முக்கால் பங்கு ஏரி வண்டல், வண்டலின் மேல் நான்கு விரல் தண்ணீர், தண்ணீரின் மேல் ஆரைக்கீரை. ஒரு மெல்லிய காம்பு, காம்பின் நுனியில் நான்கு இலை, அவ்வளவுதான். பூக்காது. தண்ணீர் தெளித்தால் இலையில் ஒட்டாமல் உருண்டு ஓடும். பொழுது சாய்ந்தால் நான்கு இலைகளும், ஐந்து மணி அடித்த அலுவலகம் போல, தாமாக மூடிக்கொள்ளும்.

தொட்டி நிறையக் கீரை இருந்தும் அதை நாங்கள் பறித்துச் சமைப்பதில்லை. அது எங்களுடையதல்ல. ஒருவர் எங்களிடம் விட்டுவைத்த பொருள். அவருக்கு நான் செய்ததை எழுத உட்கார்ந்து மூன்று முறை தாளைக் கிழித்துவிட்டேன். வாழ்நாள் முழுவதும் அடுத்தவர் குற்றத்தை 'மேற்படி நபர்' என்று எழுதிப் பழகிய கைக்கு 'நான்' என்று எழுத வரவில்லை.

வருவாய்த் துறையில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்து துணை வட்டாட்சியராக ஓய்வு பெற்றவன் நான். எந்தத் தாள் எந்த மேசைக்குப் போகும், அங்கே எத்தனை நாள் தூங்கும், எதைச் சொன்னால் விழிக்கும் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. ஓய்வு பெற்ற பிறகு அந்த அறிவை என்ன செய்வது என்று தெரியவில்லை. சர்க்கரை வந்தது. மருத்துவர் நடக்கச் சொன்னார். எங்கள் ஊர் இண்டூருக்கும் பாப்பாரப்பட்டிக்கும் நடுவில் இருக்கிறது. ஊருக்கு மேற்கே ஏரி. தினமும் காலையில் ஏரிக்கரையில் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை நடந்து திரும்புவேன். அப்படி நடந்தபோதுதான் மதகுக்குக் கீழே, கரையின் வெளிப்பக்கப் பள்ளத்தில், முழங்கால் சேற்றில் குனிந்திருந்த அந்த அம்மாவைப் பார்த்தேன்.

ஐம்பதைக் கடந்தவர். சேலையை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகியிருந்தார். கழுத்தில் ஒரு ஜெபமாலை, அதைச் சேறு படாமல் ரவிக்கைக்குள் விட்டிருந்தார்.

"என்ன கீரைம்மா அது?" என்றேன் கரைமேல் நின்றபடி.

"ஆரக்கீரைங்க. நீங்க தாசில்தார் சார்தான?"

"டெபுடி தாசில்தார். அதுவும் ரிட்டயர்டு."

"எல்லாம் ஒண்ணுதாங்க. பேனா வெச்சிருக்கற சாரு."

அரசு கொடுக்காமல் விட்ட பதவி உயர்வை அவர் சேற்றில் நின்றபடி கொடுத்தார். நான் மறுக்கவில்லை.

ஆரைக்கீரை தானாக வளர்வது, யாரும் விதைப்பதில்லை என்பார்கள். தானாக வந்ததைத் தங்க வைத்தவர் அவர். அந்தப் பள்ளத்தை மனதுக்குள் மூன்று பாகமாகப் பிரித்து வைத்திருந்தார். ஒரு பாகத்தில் பறித்தால் மற்ற இரண்டையும் தொடமாட்டார். அரிவாள் வைக்கமாட்டார். காம்பை நகத்தால் கிள்ளுவார். இடையில் முளைக்கும் கோரையை வேரோடு பிடுங்கி, அந்தக் கோரையாலேயே கீரைக்கட்டைக் கட்டுவார். சேற்றில் ஓடும் கொடி எங்காவது மேலே எழும்பி நின்றால் கட்டை விரலால் அழுத்திப் புதைப்பார். மாடு இறங்காமலிருக்கச் சுற்றிலும் முள் வெட்டிப் போட்டிருந்தார். அந்த இடம் ஏரிப் புறம்போக்கு. அதில் அவருக்கு ஒரு உரிமையும் இல்லை. புறம்போக்கில் நிற்கும் புளியமரத்துக்குக்கூட அரசாங்கத்தில் 2சி பட்டா உண்டு. கீரைக்கு அப்படி எதுவும் கிடையாது. இது எனக்குத் தெரியும். அவரிடம் சொல்லவில்லை. நான் நல்லவனாக நடந்துகொண்ட இடங்களில் அதுவும் ஒன்று. பட்டியல் சிறியது.

அன்று ஒரு கட்டு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். சர்க்கரைக்கு நல்லது என்று சொல்லப்படாத கீரை எங்கள் மாவட்டத்தில் இல்லை. இதையும் அப்படித்தான் சொன்னார்கள். என் மனைவி நான்கு தண்ணீரில் அலசினாள். ஒவ்வொரு தண்ணீரிலும் ஏரி கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறியது. துவரம்பருப்போடு பூண்டும் பச்சை மிளகாயும் சேர்த்து வேகவைத்துக் கடைந்து, ராகிக் களியின் நடுவில் குழி செய்து ஊற்றினாள். அரைக்கீரையைப் போல இனிக்காது, புளிச்சக்கீரையைப் போலப் புளிக்காது. வழுவழுவென்று, மழை பெய்து விட்ட மண்ணின் வாசனையோடு இருக்கும். அலுவலகத்தில் இருந்த காலமெல்லாம் உணவகத்தில் இட்லியையும் பரோட்டாவையும் தின்று கழித்தவன் நான். அறுபத்திரண்டு வயதில் ஒரு கீரைக்கு அடிமையானேன்.

அதன்பின் வாரத்துக்கு இரண்டு கட்டு. மீதியை அவர் பாப்பாரப்பட்டிச் சந்தையில் விற்பார். தவக்காலத்தில் கறி தின்னாத அவர் மாதா கோயில் ஆட்கள் வீடு தேடி வந்து வாங்குவார்கள். "நாப்பது நாளும் மாதா புண்ணியத்துல கீரை பத்தாதுங்க சார்," என்பார். கணவர் இல்லை. மகன் திருப்பூரில். மதகடிப் பள்ளம்தான் அவருக்கு நிலம், வேலை, மரியாதை எல்லாமே. சந்தையில் அவரைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட மாட்டார்கள். 'ஆரக்கீர அக்கா'தான்.

பள்ளத்துக்குத் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும். மதகின் இரும்புக் கதவு அடியில் துருப்பிடித்து அரித்துப் போயிருந்தது. ஒரு கை நுழையும் அளவுக்கு ஓட்டை. ஏரியில் தண்ணீர் இருக்கும் வரை அந்த ஓட்டை வழியாகக் கசிந்துகொண்டே இருக்கும். அந்தக் கசிவில்தான் கீரை. ஏரி வற்றும் கோடையில் கீரையும் காய்ந்து, கொடி மட்டும் சேற்றுக்குள் செத்தது போல் கிடக்கும். ஏரிக்குத் தண்ணீர் வந்தால் மீண்டும் தலை தூக்கும். அந்த அம்மா நம்பியிருந்தது ஒரு துறையின் அலட்சியத்தை. அதைவிட நம்பகமான ஆதாரம் எங்கள் பக்கத்தில் கிடையாது, நான் குறுக்கிடும் வரை.

ஒருநாள் காலை அவர் சேற்றில் இல்லை. கரைமேல் உட்கார்ந்திருந்தார்.

"பாருங்க சார் இந்த அநியாயத்த," என்று கீழே காட்டினார். மதகுக்குப் பக்கத்தில் நான்கைந்து சாக்கு மூட்டைகள். கோழிக்கடைக் கழிவு. நாய்கள் மூட்டையைக் கிழித்து இழுத்துப்போட்டு, கீரையை மிதித்துத் துவைத்திருந்தன.

"எவன் கொட்றான்?"

"எவன்னு தெரியுங்க. சொல்ல முடியாது. எங்க தெருக்காரன். நாளைக்கி நல்லது கெட்டதுக்கு மூஞ்சி பாக்கணும்ல. நீங்க ஒரு மனு எழுதிப் போடுங்க சார். எம் பேரு வேணாம். உங்க பேர்ல போட்டாத்தான் நடக்கும்."

"என் பேர்லயே போடறேன்," என்றேன். எனக்குள் ஏதோ ஒன்று சோம்பல் முறித்து எழுந்தது. ஓய்வு பெற்று இரண்டு வருடம் கழித்து ஒருவர் என்னிடம் மனு கேட்கிறார்.

மனு எழுதுவதில் எனக்கென்று ஒரு முறை உண்டு. ஒரே கோரிக்கை உள்ள மனுவுக்குக் கனமில்லை என்பது என் எண்ணம். மூன்று கோரிக்கையாவது இருந்தால் அதிகாரி நிமிர்ந்து உட்காருவார். அன்றே ஏரிக்கரைக்கு மறுபடி போனேன். கைபேசியில் படம் எடுத்தேன். மூட்டைகளை எடுத்தேன். கரையில் மண்டியிருந்த சீமைக்கருவேலத்தை எடுத்தேன். பிறகு மதகை. அந்த அம்மா குறுக்கே நின்றிருந்தார்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்கம்மா."

"மூட்டை இந்தப் பக்கங்க சார்."

"இருக்கட்டும், எல்லாம் வேணும்."

அவர் தள்ளி நின்றார். கதவின் ஓட்டையிலிருந்து தண்ணீர் பீறிடுவது படத்தில் தெளிவாக விழுந்தது. எத்தனையோ ஸ்தல ஆய்வு செய்த கண்ணுக்கு அது கீரைக்குப் போகும் தண்ணீராகத் தெரியவில்லை. பராமரிப்புக் குறைபாடாகத்தான் தெரிந்தது.

கோரிக்கை ஒன்று: கோழிக் கழிவு கொட்டுவதைத் தடுக்க வேண்டும். இரண்டு: சீமைக்கருவேல மரங்களை அகற்ற வேண்டும். மூன்று: மதகுக் கதவைப் பழுதுபார்த்து நீர் விரயத்தைத் தடுக்க வேண்டும். சர்வே எண், நான்கெல்லை, புகைப்படங்கள், எல்லாம் இணைத்தேன். மறுநாள் அவரிடம் படித்துக் காட்டினேன். முதல் பத்தியை மட்டும். மற்றவை நிர்வாக விஷயம், இவருக்கு எதற்கு என்று நினைத்தேன். அந்த நினைப்பை இன்றுவரை என்னால் விழுங்க முடியவில்லை.

"நல்லா எழுதியிருக்கீங்க சார். படிக்கறப்ப நாத்தமே அடிக்குது," என்று சிரித்தார்.

திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்தில் வரிசையில் நின்று கொடுத்து ரசீது வாங்கினேன்.

மூன்று கோரிக்கை உள்ள மனு மேசைக்கு வந்தால் என்ன நடக்கும் என்பது எனக்குத் தெரியாததா? எது எளிதோ, எதற்கு நிதித் தலைப்பு இருக்கிறதோ, எதில் யாரும் சண்டைக்கு வரமாட்டார்களோ, அதைச் செய்துவிட்டு மனுவை முடித்து வைப்பார்கள். நானே அப்படி முடித்தவன்தான். பட்டா மாற்றம், பாதை ஆக்கிரமிப்பு, முதியோர் உதவித்தொகை என்று மூன்றும் ஒரே தாளில் வந்தால், முதியோர் உதவித்தொகைக்கு விண்ணப்பப் படிவம் கொடுத்து அனுப்பிவிட்டு 'மனுதாரர் திருப்தியடைந்தார்' என்று எழுதியிருக்கிறேன். இவ்வளவும் தெரிந்த நான், மேசையின் அந்தப் பக்கம் போனதும் அதை மறந்தேன். மனுதாரர்களுக்கு இயல்பாக வரும் மறதி அது.

சில மாதம் ஒன்றும் நடக்கவில்லை. கோழி மூட்டைகள் வந்துகொண்டிருந்தன. அந்த அம்மா நாய்களை விரட்ட ஒரு கம்பு வைத்துக்கொண்டார். "மனு என்னாச்சுங்க சார்?" என்று கேட்பார். "நகருது," என்பேன்.

ஏரி வற்றிய ஒரு கோடைக்காலைப் பொழுதில் அவர் எங்கள் வீட்டு வாசலுக்கு ஓடி வந்தார். செருப்புகூடப் போடவில்லை.

"சார், மதகாண்ட ஜேசிபி வந்து நிக்குது. பள்ளத்த மூடப் போறாங்களாம். வாங்க சார், ஒரு வார்த்த சொல்லுங்க."

சட்டையை மாட்டிக்கொண்டு போனேன். மதகுக்கு அருகில் ஜல்லியும் மணலும் கொட்டியிருந்தது. புதிய இரும்புக் கதவு ஒன்று டிராக்டரில் படுத்திருந்தது. அந்த அம்மா நேராகப் பள்ளத்தில் இறங்கிக் காய்ந்த சேற்றைக் கையாலேயே பிளக்க ஆரம்பித்தார். நான் கரைமேல் நின்ற இளம் பொறியாளரிடம் போனேன். அவர் வணக்கம் வைத்தார்.

"வாங்க சார். உங்க பெட்டிஷன்தான். ஃபோட்டோவோட அவ்வளவு க்ளியரா இருந்துது, உடனே சாங்ஷன் ஆயிருச்சு. ஷட்டர் மாத்தறோம், வாய்க்கால் முதல் அம்பது அடிக்கு காங்கிரீட் போடறோம். உங்கள மாதிரி நாலு பேரு இருந்தா எங்களுக்கு வேல சுலபம் சார்."

அவர் பாராட்டுவதை நிறுத்த வேண்டும் என்பதற்காகவே குரலைத் தாழ்த்தினேன். "தம்பி, அந்தப் பள்ளத்த மட்டும் அப்படியே விட்டுர முடியுமா?"

"எதுக்குங்க சார்?"

"ஒரு அம்மா கீரை பறிக்கறாங்க."

அவர் சிரிக்கவில்லை. நல்ல பிள்ளை. "எஸ்டிமேட்ல ஏறிருச்சுங்க சார். விட்டா அளவு குறையும், ஆடிட்ல நான்தான் நிக்கணும். உங்களுக்குத் தெரியாததா?"

எனக்குத் தெரியாததா என்று உலகமே என்னிடம் கேட்கிறது. "கோழிக் கழிவு?" என்றேன்.

"அது எங்க சப்ஜெக்ட் இல்லீங்க சார்."

அந்த அம்மா ஓர் அன்னக்கூடை நிறையக் காய்ந்த கொடியையும் மண்ணையும் அள்ளிக்கொண்டு மேலே வந்தார். விரல் நகத்தில் ரத்தம். "என்ன சொல்றாருங்க?" என்றார்.

"எஸ்டிமேட்ல சேர்ந்துட்டுதாம்மா. ஒண்ணும் பண்ண முடியாது."

"எவனோ எழுதிப் போட்டிருக்கான் சார்," என்றார். உண்மையைச் சொல்ல அது மிகச் சரியான நேரம். அந்த நேரம் ஜேசிபி இயங்கத் தொடங்கியது. சத்தத்தில் பேச முடியாது என்று எனக்கு நானே ஒரு குறிப்பு எழுதி, ஒப்புதலும் வழங்கிக்கொண்டேன்.

அன்னக்கூடையை எங்கள் வீட்டுக்கே கொண்டு வந்தார். "எங்கூட்ல தண்ணி நாலு நாளைக்கி ஒருக்காதான் வருது. உங்க வூட்ல போர் இருக்குது. இதுங்கள உசுரோட வெச்சிருங்க சார். எங்கனா ஈரம் கண்டா வந்து எடுத்துக்கறேன்." என் மனைவி கழுநீர்த் தொட்டியைக் காட்டினாள். இருவரும் சேர்ந்து ஏரியிலிருந்து இன்னும் சில கூடை வண்டல் அள்ளி வந்து கொட்டிக் கொடியைப் புதைத்தார்கள். "இடையில நீங்களும் பறிச்சுத் தின்னுங்கக்கா," என்று என் மனைவியிடம் சொல்லிவிட்டுப் போனார். கிள்ளாமல் விட்டால் முற்றி அழுகிவிடுமாம்.

அடுத்த மாதம் பதிவுத் தபாலில் பதில் வந்தது. கையெழுத்துப் போட்டு வாங்கியவள் என் மனைவி. கண்ணாடி போட்டுக்கொண்டு சத்தமாகப் படித்தாள். 'மனுதாரரின் கோரிக்கை எண் மூன்றின் மீது நடவடிக்கை மேற்கொள்ளப்பட்டு மதகுக் கதவு புதிதாகப் பொருத்தப்பட்டுள்ளது. கோரிக்கை எண் ஒன்று உள்ளாட்சி அமைப்பைச் சார்ந்தது என்பதால் அவ்வலுவலகத்துக்கு அனுப்பப்பட்டுள்ளது. கோரிக்கை எண் இரண்டு பரிசீலனையில் உள்ளது. மனு முடித்து வைக்கப்படுகிறது.'

கண்ணாடியைக் கழற்றினாள். "அந்தம்மா எதுக்கு மனு கேட்டாங்க?"

"கோழிக் கழிவுக்கு."

"மதகு?"

"அதுல தண்ணி வீணாச்சு."

"ஊர்ல ஒரு ஓட்டைய விட்டு வெக்க மாட்டீங்களே," என்றாள். "அவங்ககிட்ட சொன்னீங்களா?"

"சொல்றேன்."

"எப்ப? அதுக்கும் முப்பது நாள் டைம் இருக்குதா?"

நியாயத்துக்காக இதையும் எழுத வேண்டும். கதவு மாற்றியது நல்ல வேலை. அடுத்த பருவத்தில் கடைமடை வயல்களுக்கும் தண்ணீர் எட்டியது. இரண்டு விவசாயிகள் என் வீட்டுக்கு வந்து தேங்காய் கொடுத்துவிட்டுப் போனார்கள். நான் செய்தது தவறு என்று எந்தச் சட்டமும் சொல்லாது. சட்டம் சொல்லாத தவறுக்கு மேல்முறையீடும் கிடையாது, அதுதான் தொல்லை. ஏரி நிறைந்தபோது மதகடியில் ஒரு சொட்டுக்கூடக் கசியவில்லை. காங்கிரீட் வெயிலில் வெளுத்துக் கிடந்தது. கோழி மூட்டைகளைக் கொட்ட இப்போது சுத்தமான தளம் கிடைத்துவிட்டது.

அந்த அம்மா பாப்பாரப்பட்டியில் புளி தட்டும் வேலைக்குப் போனார். ஓடு நீக்கி, கொட்டை எடுத்து, நார் உரிக்கும் வேலை. நாள் முழுக்க உட்கார்ந்த இடம். ஒரு மாலை வேலை முடிந்து நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார். தொட்டியை எட்டிப் பார்த்தார். கீரை தழைத்திருந்தது. "பறிக்கறதே இல்லியா நீங்க?" என்று ஆச்சரியப்பட்டார். பிறகு கைப்பையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளும், மடித்து வைத்த பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்பு வில்லையும் எடுத்தார். விரல் நுனிகளெல்லாம் புளியில் வெடித்திருந்தன.

"சார், ஆர்டிஐன்னு ஒண்ணு இருக்குதாமே. புளி மண்டில ஒரு பொண்ணு சொல்லுச்சு. மதகு ரிப்பேருக்கு எவன் எழுதிப் போட்டான்னு அதுல கேக்கலாமாம். நீங்க எழுதிக் குடுங்க. இதுல எம் பேரே போடுங்க, பயமில்ல."

"தெரிஞ்சு என்னம்மா பண்ணப் போறீங்க?"

"ஒண்ணும் பண்ண மாட்டேன். போயி கேப்பேன். ஏன்பா, அந்தத் தண்ணி உன்ன என்ன பண்ணுச்சுன்னு. அவ்ளோதான்."

என் மனைவி அடுப்படி வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பேனாவை எடுத்தேன்.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் எப்படிக் கேட்டால் கிடைக்கும், எப்படிக் கேட்டால் கிடைக்காது என்று எனக்குத் தெரியும். 'மதகுப் பணி தொடர்பான கோப்பின் நகல்' என்று கேட்டிருந்தால், கட்டுக்கட்டாகக் கொடுப்பார்கள். அதில் என் மனுவும் இருக்கும். நான் அப்படி எழுதவில்லை. 'மனு அளித்த நபரின் பெயர் மற்றும் முகவரி' என்று எழுதினேன். மூன்றாம் நபரின் தனிப்பட்ட தகவல், தர முடியாது என்று எந்த அலுவலரும் கண்ணை மூடிக்கொண்டு மறுக்கலாம். இத்தனை வருட அனுபவத்தில் நான் எழுதிய மிகத் திறமையான தாள் அதுதான். அவர் இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, நடுங்காமல் கையெழுத்துப் போட்டார்.

எதிர்பார்த்த பதில் எதிர்பார்த்த நாளுக்குள் வந்தது. அதை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு எடுத்து வந்தார்.

"தர முடியாதாம் சார். பெரிய ஆளா இருப்பான் போல, பேர மறைக்கறாங்க." சற்று நின்று, "அப்பீலு போடலாம்னு இதுலயே போட்டிருக்குதாமே?" என்றார்.

"போடலாம். பிரயோஜனம் இருக்காதும்மா."

"நீங்க சொன்னாச் சரிங்க," என்று உறையை மடித்துக்கொண்டு போனார். மேல்முறையீட்டுக்கான முப்பது நாளும் என் கண் முன்னால் ஒவ்வொன்றாகக் கழிந்தன. முப்பதாம் நாள் காலையில்கூட நான் அவர் தெரு வரைக்கும் நடந்து போனேன். தெருமுனையிலிருந்து திரும்பிவிட்டேன். மதியம் மனைவி சுரைக்காய்க் குழம்பு வைத்திருந்தாள்.

"தொட்டியில அவ்வளவு கெடக்குது, ஒரு நாள் பறிச்சு..." என்றேன்.

"நீங்க போயி பறிங்க," என்றாள். நான் எழுந்திருக்கவில்லை. பழுத்து மஞ்சளான இலைகளை அவள் கிள்ளித் தென்னைக்குப் போட்டுவந்தாள். நல்ல இலைகளை அவளும் தொடவில்லை. நாங்கள் அதைப் பற்றிக் கூடிப் பேசி முடிவு எதுவும் எடுக்கவில்லை. ஆனாலும் அது நடைமுறைக்கு வந்துவிட்டது.

ஏரிக்கரையில் நடப்பதையும் விட்டுவிட்டேன். இப்போது பாப்பாரப்பட்டி சாலையோரமாகத்தான் நடக்கிறேன். அந்தச் சாலையில் குடிநீர்க் குழாயின் வால்வுத் தொட்டி ஒன்று இருக்கிறது. செங்கல் கட்டிய சிறு குழி. இந்த ஆண்டு மழைக்குப் பிறகு அதன் மூடிக்கடியிலிருந்து தண்ணீர் கசிந்து சாலையோரப் பள்ளத்தில் தேங்கத் தொடங்கியது. பார்த்த அன்றே கை கைபேசிக்குப் போனது. குடிநீர் வாரியத்தில் சொன்னால் மாலைக்குள் ஆள் வரும். கையை வெளியே எடுத்து முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தேன்.

பிறகு அந்த அம்மாவைத் தேடிப் போனேன். இந்த முறை தெருமுனையில் திரும்பவில்லை. அவர் மண்டியிலிருந்து கொண்டுவந்த புளியை வீட்டு வாசலில் தட்டிக்கொண்டிருந்தார். நான் சொல்லப் போனது இரண்டு விஷயம். சொன்னது ஒன்று.

"வால்வுத் தொட்டி கசியுதும்மா. ஈரம் நிக்குது."

அன்றைக்கே வந்து எங்கள் தொட்டியிலிருந்து பாதிக் கொடியை அள்ளிக்கொண்டார். "மீதி இங்கயே இருக்கட்டுங்க. எப்ப எது அடைபடும்னு யாருக்குத் தெரியும்," என்றார். பள்ளத்தில் சாலை மண்ணைக் கொத்தி, எருவைக் கலந்து, கட்டை விரலால் ஒவ்வொரு கொடியாக அழுத்தினார். பிடித்துக்கொண்டது. மதகடியில் இருந்ததில் பத்தில் ஒரு பங்கு இடம்கூட இல்லை. இலை சிறுத்துதான் வருகிறது. சந்தைக்குக் கொண்டுபோகும் அளவுக்குத் தேறாது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, வீட்டுக்கு ஒரு கைப்பிடி கிள்ளிக்கொண்டு போவார். மற்ற நாளெல்லாம் புளி.

போன ஞாயிறு நான் நடந்து போகும்போது அங்கே குனிந்திருந்தார். நல்ல சேலை, அதே போல் தூக்கிச் செருகியிருந்தது. ஜெபமாலை ரவிக்கைக்குள்.

"வாங்க சார். சக்கர எப்படி இருக்குது?"

"இருக்குதும்மா, அது எங்க போவுது."

அவர் நிமிர்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டார். கசியும் மூடியைப் பார்த்தார். "இத மட்டும் அவன் எழுதிப் போடாம இருக்கணும்ங்க சார்."

"போட மாட்டான்ம்மா," என்றேன்.

அவ்வளவு உறுதியாக வேறு யாரைப் பற்றியும் நான் சொல்லியிருக்க முடியாது. சொன்ன பிறகுதான் அது எனக்கே உறைத்தது. அவர் என்னை ஏறிட்டுப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். நான் வால்வுத் தொட்டியின் செங்கல்லைப் பார்த்தேன். அப்போதாவது வாயைத் திறந்திருக்க வேண்டும். ஒரு பேருந்து கடந்து போனது. அது போன பிறகும் நான் திறக்கவில்லை. எங்கள் வீட்டுத் தொட்டியில் ஏன் யாரும் பறிப்பதில்லை என்று அவர் மறுபடி கேட்டுவிடுவாரோ என்று பயந்தேன். அவர் கேட்கவில்லை. குனிந்து, மெதுவாக, ஒவ்வொரு காம்பாகக் கிள்ளிக் கோரையால் ஒரு சின்னக் கட்டுக் கட்டினார். அவர் வீட்டுக்கு என்று இருந்ததில் பாதி அது. என் கையில் வைத்தார்.

"அக்காகிட்ட குடுங்க. நல்லா அலசச் சொல்லுங்க. மருந்துத் தண்ணி."

மனைவி நான்கு தண்ணீரில் அலசினாள். பருப்போடு கடைந்து களியில் ஊற்றினாள். மண் வாசனை இல்லை. பிளீச்சிங் பவுடர் வாசனைதான் அடித்தது. "சொன்னீங்களா?" என்றாள். நான் தட்டைப் பார்த்துக்கொண்டு, ஒரு துளிகூட மிச்சம் வைக்காமல் தின்றேன்.